மூன்று லிட்டர்

நாற்பது சுவரொட்டி, ஒரு கிலோ மைதா,
கையெழுத்துப் போட்டு வாங்கிய பழைய பிரஷ்.
பசை காய்ச்சத் தண்ணீர்
கொடுத்த பட்டியலில் இல்லை.

சிப்பிவலசைக்கு லாரி வந்து ஐந்து நாள்.
அருளாயி வீட்டில் கேட்டேன்.
குடத்தைச் சாய்த்தாள், சொம்பில் பாதி வந்ததும் நிமிர்த்தினாள்,
என் முகத்தைப் பார்த்தாள்,
இன்னும் ஒரு விரற்கடை ஊற்றினாள்.
"என்னத்தா போட்டிருக்கு அதுல?"
"தினமும் மூணு லிட்டர் தண்ணி குடிக்கணுமாம்."
நீட்டிய சொம்பை
அவள் விரல்கள் உடனே விடவில்லை.

சுவரொட்டியில் ஒரு பெண்.
கண்ணாடித் தம்ளர், வரிசை குலையாத பல்,
பின்னால் குழாய், அதிலிருந்து நீலமாய் விழும் நீர்.
எங்கள் குழாயிலும் நீலம் உண்டு:
திறப்புவிழாவுக்கு அடித்த பெயிண்ட்.
இப்போது அதன் கழுத்தில்
யாரோ வலை காயப்போடுகிறார்கள்.

நம்புச்செல்வி உப்பளத்துக்குப் போகிறவள்.
மூன்று மணிக்குச் சோறு, நாலு மணிக்கு வேன்,
பிறகு கண் எட்டும் வரை பாத்தி.
காட்டுக்கருவை கூடத் தலைகாட்டாத மண்.
மறைவு என்று சொல்ல
குவித்த உப்பு ஒன்றுதான்,
அதற்கு அந்தப் பக்கம் ஆண்கள் மூட்டை பிடிக்கிறார்கள்.
அதனால் முந்தின இரவே தண்ணீரை நிறுத்திவிடுவாள்.
நீர்க்கடுப்பை அவள் நோய் என்று சொல்வதில்லை.
"சீசன்" என்கிறாள்.
மாசியில் தொடங்கும், ஆடிக்காற்றில் போகும்,
போகாத வருசமும் உண்டு.

பங்குனி முகாமில் டாக்டர் அவளைத் திட்டினார்.
நல்ல டாக்டர், சின்ன வயசு,
கடைசி ஆள் வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டார்.
மேசையில் இரண்டு பாட்டில் இருந்தது.
"எத்தனை தடவை சொல்றது? தண்ணி குடிக்கறதுல என்ன கஷ்டம்?"
நம்புச்செல்வி சிரித்தாள்,
வாயைப் பொத்திக்கொண்டு.
சீட்டின் கடைசி வரியில் எழுதியிருந்தது:
விழிப்புணர்வு இல்லை.

விழிப்பா?
இரண்டரைக்கு எழுகிறவள் அவள்.

எனக்கும் ஒரு படிவம் இருக்கிறது, கைபேசிக்குள்.
நாளொன்றுக்கு எத்தனை லிட்டர் என்று கேட்கும்.
மூன்றுக்குக் கீழே போட்டால்
சிவப்பாகிக் காரணம் கேட்கும்.
தெரியாது. விருப்பமில்லை. மறந்துவிட்டது.
இந்த மூன்றில் ஒன்றைத் தொட்டால்தான்
அடுத்த வீட்டுக்கு விடும்.
குடம் பதினைந்து ரூபாய் என்பதற்கு அங்கே கட்டம் கிடையாது.
நான் 'மறந்துவிட்டது' என்பதைத் தொடுகிறேன்.
எப்போதும் அதையே தொடுகிறேன்.
மறந்தது யார் என்று
அது திருப்பிக் கேட்டதில்லை.

மறுநாள் காலை போய்ப் பார்த்தால்
ரேசன் கடைச் சுவரில் ஆடு.
மைதா வாசனைக்கு வந்தது,
நக்கிய இடத்தில் காகிதமும் கையோடு வந்துவிட்டது.
குழாய் போயிற்று, தம்ளர் போயிற்று,
லிட்டரும் போய்
மூன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது,
எதில் மூன்று என்று தெரியாமல்.

அருளாயி குடத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.
ஆட்டை விரட்டவில்லை.
"விடு. என் தண்ணிதானே.
ஒரு சீவனுக்காவது சேர்ந்துச்சே" என்றாள்.

பையில் இன்னும் ஒன்பது சுவரொட்டி.
அவளுக்குத் தரவேண்டியது அரைச் சொம்பு,
ஒரு விரற்கடை.