நாலு காசு

புதன்கிழமை அஞ்சல் கப்பல்.
செவ்வாய் பொழுது சாய்ந்தால்
கிட்டங்கித் தெரு அஞ்சடியில் என் மேசையைச் சுற்றித்
தொங்கான்காரர் ஐந்து பேர்,
உறை ஒன்று.

எட்டுக் காசை ஐந்தாகப் பிரித்தால்
ஒன்றரைக்கு மேலே, இரண்டுக்குக் கீழே.
அந்தக் கீழே மேலேக்குத்தான் வாரா வாரம் சண்டை.

அரை அவுன்ஸ் தாண்டக்கூடாது.
ஒரே தாளில் எறும்பெழுத்தாக
சன்னாசியின் மூலக்கடுப்பு,
கூத்தபெருமாள் அனுப்பிய பதினோரு வெள்ளி,
அய்யாக்கண்ணு கேட்ட கன்றுக்குட்டி விவரம்,
இளையபெருமாளின் மாமியாருக்கு ஒரு சுருக்கமான வசவு.
ஓரத்தில் மிஞ்சும் இடம் வடமலைக்கு.
"நலம். தபால் செலவு அதிகம். மற்றவை பின்னர்."
ஒன்பது வருடம்
இதைத்தான் எழுதினேன்.
சொல்லச் சொல்லிக் கேட்டதுகூட இல்லை,
கை தானாகப் போகும்.

திருப்பூண்டியில் மளிகைக் கடை வாசலில்
ஒருவர் உரக்கப் படிக்க
ஐந்து வீட்டுப் பெண்களும் நின்று கேட்பார்களாம்.
செங்கமலம் எப்போதும் கடைசி வரிக்குக் காத்திருப்பாளாம்.
அய்யாக்கண்ணு ஊர் போய் வந்து சொன்னான்.
வடமலை அன்று பீடி பற்றவைக்க
மூன்று தீக்குச்சி செலவழித்தான்.

கிறிஸ்துமஸ் வாரத்தில்
தபாலாபீஸ் சுவரில் அறிவிப்பு.
மகாராணியின் கொடி பறக்கிற ஊர் பலவற்றுக்கு
அரை அவுன்சுக்கு நாலே காசு.
கனடா என்று ஓர் ஊராம், ஆறு உறைந்து
அதன்மேல் வண்டி ஓடுமாம், அதற்கும் நாலு.
"அங்கே நமக்கு யார் இருக்கா?" என்றான் சன்னாசி.
"கப்பல் டிக்கெட்டும் பாதியா?" என்றான் கூத்தபெருமாள்.
அதைப் பற்றிச் சுவரில் ஒன்றும் இல்லை.

புதுத் தலை அச்சாகி வரவில்லை.
பழைய எட்டுக்காசுத் தலைமேலேயே
கறுப்பு மையில் நாலு என்று குத்திக் கொடுத்தார்கள்.

அடுத்த செவ்வாய் தனித்தனியாக வந்தார்கள்.
ஒருவன் சொல்லும்போது
மற்றவன் தூணுக்கு அப்பால் போய்
துறைமுகத்தைப் பார்த்து நின்றான்.
இளையபெருமாள் குரலைத் தாழ்த்தி
மாமியாரிடம் மன்னிப்புக் கேட்டான்.
எனக்கு ஒரு கூலிக்குப் பதில் ஐந்து.
வருத்தப்பட்டேன் என்றால் பொய்.

விளக்கேற்றிய பிறகு வந்தான் வடமலை.
சட்டையில் ஜாதிக்காய் வாசனை.
ஞாயிறுதோறும் அரிசிப் பை சுமந்து
மலை தாண்டி பாலிக் பூலாவ் போகிறவன்.
யாருக்கு அந்த அரிசி என்று
நாங்கள் யாரும் கேட்டதில்லை.

பேனாவை நனைத்தேன்.
"நலம்" என்றான்.
"அப்புறம்?"
ஒரு ரிக்‌ஷா போயிற்று. இன்னொன்று போயிற்று.
"தபால் இன்னும் எட்டுக் காசுன்னு
எழுத முடியாதா?"

"உறை மேலேயே ஒட்டியிருக்குமே" என்றேன்.
தலையை வாங்கி விளக்கருகில் சாய்த்துப் பார்த்தான்.
"நாலுக்கு அடியில
எட்டும் தெரியுதே."

தெரியத்தான் செய்தது.

பிறகு அவன் சொன்னான், நான் எழுதினேன்.
என்ன என்று இங்கே சொல்லமாட்டேன்.
முதல்முறையாகத் தன் பெயருக்கென்று
ஓர் உறை வாங்கியவன் அவன்.
தாளின் இரண்டு பக்கமும் நிறைந்தது.
என் எழுத்து என்னை அறியாமல் பெரிதாகியிருந்தது.
நடுவில் ஒரு குழந்தையின் பெயரை
எழுத்துக்கூட்டிச் சொன்னான்,
நான் தப்பாக எழுதிவிடுவேன் என்பதுபோல.
அந்தப் பெயரை ஒன்பது வருடமாக
உறைமேல் நான் எழுதாமலா இருந்தேன்?

மடித்தான். ஒட்டினான்.
மகாராணியின் முகத்தைக் கட்டைவிரலால்
நெடுநேரம் அழுத்திக்கொண்டிருந்தான்.
காசை எண்ணி வைத்துப் படியிறங்கியவன்
திரும்பினான்.

"அங்கேருந்தும் இதே மலிவா?"

"ஓர் அணா" என்றேன்.
"அவங்களும் இனிமே தனியா எழுதலாம்."

வடமலை மறுபடி ஏறி வந்து
முக்காலியில் உட்கார்ந்தான்.