பதினான்காம் கேள்வி

ஆய்வுக்கு வந்த பெண்
கேள்வித்தாளோடு ஆளுக்கொரு கரிபாப் தந்தாள்.
"உண்மையை எழுதினால் போதும், பெயர் வேண்டாம்."

இத்துறையை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?
ஆர்வம், சம்பளம், பெற்றோர், சேவை.
பிற.
பிறவுக்கு அரை அங்குலக் கோடு.

அரை அங்குலத்தில் எப்படி எழுத,
எஸ்டிபிஎம் முடிவு வந்த வாரம்
செந்தூல் அடுக்குமாடியில் வைஃபை இருமுறை அறுந்ததையும்
பன்னிரண்டு விருப்பங்களையும் நிரப்பு என்று
திரை அடம்பிடித்ததையும்?
மருத்துவம், பல், மருந்தியல் என்று
படியிறங்கி வந்தவள்
ஏழாவது வரியில் ஆடியோலோஜியை அழுத்தினேன்.
மலாய் அகரவரிசையில்
அதுதான் முதலில் நின்றது.

நேர்முகத்தில் கேட்டார்கள்: ஏன் இது?
அந்த நொடியில் பிறந்தார் என் மாமா.
பிறக்கும்போதே ஐம்பத்திரண்டு வயது.
பட்டர்வொர்த் துறைமுகம், பளுதூக்கி இரைச்சல்,
வலக்காது போய்விட்டது என்றேன்.
மூவரில் ஒருவர்
பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

அம்மா ஒற்றைப் பிள்ளை.
அப்பாவுக்கு அக்கா தங்கை கிடையாது.

இப்போது மூன்றாம் ஆண்டு.
செவ்வாய்தோறும் ஒலிபுகா அறையின்
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாராவது உட்காருகிறார்கள்.
சத்தம் கேட்டால் அழுத்துங்கள்,
கேட்ட மாதிரி இருந்தாலும் அழுத்துங்கள்.
மலாயில் சொல்வேன். எப்போதாவது தமிழில்.
போன வாரம் வந்தவர், ஷா ஆலம் தகரப் பட்டறை,
நான் அனுப்பாத ஒலிக்கும் அழுத்திக்கொண்டிருந்தார்,
பிள்ளை பரீட்சையில் தோற்றுவிடக்கூடாதே என்பதுபோல.
நாலாயிரம் ஹெர்ட்ஸில் கோடு தொப்பென்று விழுந்தது.
வலக்காது இன்னும் மோசம்.

பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தேன்.

இதை ஆர்வம் என்று சொல்ல மாட்டேன்.
அன்று சாப்பிடப் போகவில்லை,
ஹெட்ஃபோனை மாற்றி இன்னொரு தடவை சோதித்தேன்,
அவ்வளவுதான்.

பக்கத்தில் ஸூ யீ
எல்லாவற்றுக்கும் மூன்று போடுகிறாள், நடுநிலை.
கல்விக்கடன் எவ்வளவு சேர்ந்தது என்று
அவளுக்குச் சல்லிக்காசு வரை தெரியும்.
ஹஃபிஸா 'பெற்றோர்' கட்டத்தில்
தாள் கிழிய டிக் அடிக்கிறாள்.
தனேஷ் கரிபாப்பை முடித்துவிட்டு
என் பங்கைப் பார்க்கிறான்.

பதினான்கு:
உங்கள் முடிவில் உறவினர் ஒருவரின் தாக்கம் எவ்வளவு?
ஐந்து.
உறவுமுறை?
மாமா.

பெயர் கேட்கவில்லை, நல்லவேளை.
அவருக்கு இன்னும் வைக்கவில்லை.