ஒன்பதாம் நாள்

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு மழை.
கூலிம் முழுக்கச் சூடு இறங்கி
தகரக் கூரைகள் டிக் டிக்கென்று சுருங்கின.
காலண்டரில் ஒரு கோடு கிழித்தேன்.
தனபாலன் எழுதி வைத்திருந்த
நான்கு நம்பர் சீட்டு எண்கள்
என் கோட்டுக்கு ஒதுங்கி இடம் விடவில்லை.

வாசல் ஜம்பு மரத்தில்
யாரும் நடாமல் தானே ஒட்டிக்கொண்ட செடி.
வருஷமெல்லாம் பழைய கயிறு போலத் தொங்கும்.
அறுத்துப் போடு, எறும்பு கட்டுது என்பார்.
புறா ஆர்க்கிட் அது,
அங்கிரிக் மெர்பாத்தி என்றாள்
பக்கத்து வீட்டு காக் மஸ்னா.
குளிர்ந்த மழைக்கு ஒன்பதாம் நாள்
சுற்றுவட்டாரமெல்லாம் ஒரே காலையில் திறக்கும்.
சாயங்காலம் பார்த்தால்
மூக்குச் சிந்திய டிஷ்யூ.

ஒன்பதாம் நாள் வியாழன்.
எனக்குக் காலை ஷிப்டு.
ஐந்தேகாலுக்கு இருட்டில் செருப்பைத் துழாவும்போது
வாசம் மட்டும் வந்தது.
கைப்பேசி வெளிச்சத்தை மேலே திருப்புவதற்குள்
தொழிற்சாலை பஸ் ஹார்ன்.

வழியில் செம்பனைத் தோட்டம்.
பஸ் விளக்கு திரும்பிய ஒரு வளைவில்
மட்டை வெட்டிய தண்டுகளில் வெள்ளை வெள்ளையாய் ஏதோ.
வாசுகி தோளில் சாய்ந்து தூங்குகிறாள்,
எழுப்ப மனம் வரவில்லை.
பிறகு எட்டு மணி நேரம்
முகமூடிக்குள் கையுறை வாடை,
வரிசையாய் இறங்கி வரும் ரப்பர்க் கைகள்,
பத்துப் பத்து விரலாய்,
ஒன்றிலும் பூ இல்லை.

சனிக்கிழமை பாலம் கடந்து
தண்ணீர்மலைப் பூந்தோட்டம்.
நாகலிங்க மரத்தடியில் உதிர்ந்து கிடந்ததை எடுத்து
இயர்போன் டப்பா மாதிரி இருக்கும்மா என்றாள் சர்மினி.
சிவலிங்கம் என்று சொல்ல வாயெடுத்தேன்.
பார்த்தால் டப்பா மாதிரியும்தான் இருந்தது.
கறிபாப்பை ஒரு குரங்கு கொண்டுபோனது.
தனபாலன் அதைத் துரத்திய அழகை
இரண்டு வெள்ளைக்காரர்கள் படம் எடுத்தார்கள்.

மழைமரத்துக் கிளையில் என் செடி!
கீழே பலகை,
வாயில் நுழையாத பெயர்,
கொட்டை எழுத்து.
பூ?
நேற்று, என்றார் பெருக்கிக்கொண்டிருந்தவர்.
தீவுக்கு மழை ஒரு நாள் பிந்தி வந்ததாம்.
முறத்தைச் சாய்த்துக் காட்டினார்:
பழுப்பாய், ஈரமாய், ஒரு கைப்பிடி.
இருபது ரிங்கிட் டோலும் பெட்ரோலும்
என்று ஆரம்பித்தவர்
என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிறு ராத்திரி
ஜன்னல் அடித்துக்கொண்டு எழுப்பியது.
எழுந்து போய்க் கோடு கிழித்தேன்.
திங்கள், செவ்வாய், விரல் விட்டு எண்ணி
மறு செவ்வாய்க்கு லீவு பாரம்.
காரணம் என்ற கட்டத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
வீட்டில் விசேஷம், என்று எழுதினேன்.
யாருக்குக் கல்யாணம்? மிஸ் சூ கேட்டாள்.
தெரியவில்லை மிஸ்,
ஆனால் நிறையப் பேர் வருகிறார்கள்.

ஐந்தரைக்கு பஸ் பழக்கதோஷத்தில் ஹார்ன் அடித்தது.
பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து கை காட்டினேன்,
போகச் சொல்லி.
ஏழேகாலுக்குத்தான் இங்கே விடியும்.
அதுவரை வாசமும் நானும் ஒரு கொசுவும்.
பிறகு மெதுவாக,
கயிறெல்லாம் வெள்ளையாக,
எண்ணத் தொடங்கினேன். அறுபத்திரண்டில்
ஒரு தேனீ குறுக்கே வந்து கெடுத்தது.
மறுபடி முதலிலிருந்து.

எத்தனை? எத்தனை? என்று
உள்ளேயிருந்து அவர் குரல்,
பென்சிலோடு, காலண்டர் பக்கத்தில்.
இருங்க,
இன்னும் திறக்குது என்றேன்.