காத்திருப்பு நேரம்

கியூர்பிப்பில் நவம்பர், தண்ணீர்ப் பங்கீட்டு மாதம்.
மூன்றே கால் மணிக்குத் தலையணைக்கடியில் போன் துடிக்கும்.
நாலடி இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு
பனிமூட்டத்தில் இறங்குவேன்.
நான் திருகினால்
தெரு முழுக்கக் குழாய்கள் இருமி இருமிக் கக்கும்.

பழைய விதி சொல்லிற்று:
வால்வில் கை பட்ட நொடியில்தான்
வேலை தொடங்குகிறது.

அப்படியானால்
மூங்கில் வேலிச் சந்துகளில் நடந்த இருபது நிமிடம்
யாருடையது?
என் கணுக்காலில் பல் பதித்த நாய்
யார் கணக்கில் கடித்தது?

சங்கத்தின் சார்பில் கனகம்மா மூட்டுசாமி
இதைத்தான் கேட்டாள்.
சட்ட அதிகாரி பேனாவை மூடிவிட்டு,
'காத்திருப்பது ஒரு செயல் அல்ல, மதாம்' என்றார்.
அவர் முன்னால் நிறைந்த கண்ணாடிக் குவளை.
கனகம்மா அதை நகர்த்தித்
தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.
மதியம் வரை தரவில்லை.

ஜனவரி முதல் தேதி திருத்தம் அமலுக்கு வந்தது.
கெஜட்டில் பதினோராம் பக்கம்:
காத்திருப்புக்கும் படி உண்டு, பாதி விகிதத்தில்.
முன்தேதியிட்டுச் செல்லாது.
என் பத்தொன்பது வருஷம்
அந்தக் கடைசி வரி வழியாக வடிந்தது.

அன்றிரவு பார்த்து அப்படியொரு மழை.
போன் அடிக்கவே இல்லை.
தெய்வானை புரண்டு படுத்து
'தூங்கலையா?' என்றாள்.
'டூட்டி' என்றேன்.
போர்வைக்குள் சிரித்தாள்.

கூரைமேல் கொட்டிக்கொண்டே இருந்தது
யாரும் திறந்துவிடாத தண்ணீர்.