சுவரேறாத பல்லி

எண்பது டாலருக்குப் பல்லி வாங்கி வந்தாள் மகள்.
காசு கொடுத்தா, என்றேன். பல்லியையா?

சஸ்கட்டூனில் அன்று மைனஸ் முப்பத்தொன்று.
அதற்கு மட்டும் தனியாக ஒரு விளக்கு, ஒரு கோடை.

சுவரேறாதாம் இந்த இனம்.
கண் சிமிட்டுமாம்.
நாம் பேசுகையில் உச்சுக் கொட்டி
மெய்யென்று சாட்சி சொல்லாதாம்.
பிறகென்ன பல்லி.

கிடங்கில் டார்சியும் இப்படித்தான்.
எது கேட்டாலும் முதலில் ஒரு நீள மௌனம்.
திமிர் என்று முடிவுகட்டி
அவன் பதிலையும் நானே சொல்லிவிட்டு
ஃபோர்க்லிஃப்டைத் திருப்பிய நாட்கள் உண்டு.

ஞாயிறு இரவு, கேட்காமலே
என் இடது தோளில் அதை ஏற்றிவிட்டாள்.
சில்லென்றிருக்கும் என நினைத்தேன்;
வெதுவெதுப்பு.
பஞ்சாங்கத்தில் விழுந்தால்தான் பலன்.
ஏற்றி வைத்தால் என்னவென்று
யாரும் எழுதிவைக்கவில்லை.
அசையாமல் இருந்தேன்.
அதுவும்.

திங்கட்கிழமை,
அந்தப் பழைய பேரிங் எந்த அடுக்கில் என்றேன்.
டார்சி கூரையைப் பார்த்தான்.
நானும் பார்த்தேன்.
ஹீட்டர் ஒருமுறை நின்று மறுபடி ஓடியது.

"தெரியல" என்றான் கடைசியில்,
இருபத்திரண்டு வருடம் அங்கேயே இருப்பவன்.