இருப்புக் குறைவு

முத்திரையர்பாளையம் பழைய பம்ப்ஹவுசில்
நகராட்சி நடத்தும் நீர் அருங்காட்சியகம்.
மூன்றாம் அலமாரியில் பதினேழு புட்டிகள்:
பாகூர் ஏரி, ஊசுட்டேரி,
வீராம்பட்டினத்துக் கிணறொன்று,
இப்போது உப்புக்கரிப்பது,
இனித்த நாளில் மொண்டு வைத்தது.

தணிக்கைக்கு வந்த மதலைமுத்து
ஸ்கேல் வைத்துப் பார்த்தார்.
"பதிவேட்டில் ஒரு லிட்டர். இருப்பில்
விரற்கடை குறைகிறதே. யார் குடித்தது?"

மூடிக்கு மெழுகு வைத்திருக்கிறோம், சார்.

"ஊற்றிச் சரிக்கட்டுங்கள்."
எந்தத் தண்ணீரை?

வாசல் குழாயில் பள்ளிக்கூடப் பிள்ளைகள்
கைகுவித்துக் குடித்துக்கொண்டிருந்தன.
கண்காட்சியில் அதுவும் சேர்த்தி,
அளவில்லை, ரசீதில்லை.

குறைவுக்குக் காரணம் என்ற கட்டத்தில்
'வானம்' என்று எழுதினேன்.
சான்று எங்கே என்றார்.
ஐப்பசி வரட்டும் என்றேன்.