நாற்பது மீட்டர்

வட்டிக்கடைக் கிட்டங்கிக்கு விலை இல்லை.
விற்கமாட்டார்கள், இடிக்கவும் முடியாது,
ஓர் ஆணி அடிக்க
மாநகர் மன்றத்தின் கடிதம் வேண்டும்.
விலையெல்லாம் அதன் நிழலுக்குத்தான்.

நான் நிழலை அளக்கிறவள்.
லெபோ குயின் முனையில் நின்று
சிவப்புப் புள்ளியை அதன் சுவரில் பாய்ச்சுகிறேன்:
நாற்பது மீட்டர் சொச்சம்.
சொச்சத்தை விட்டுவிடலாம்.
நாற்பதுக்குள் இருந்தால் கூட்டு.
மூன்றாம் மாடி எழுப்பத் தடை: கழி.
மரச்சன்னல் அசல்: கூட்டு.
கூரையில் ஓடு உடைசல், அதையும் இப்போது
கூட்டத்தான் சொல்கிறார்கள்.

பக்கத்துக் கடைவீடு போன வருஷம் கைமாறியது.
சிங்கப்பூர்க்காரர். எட்டு அறை விடுதி.
கறைச் சுவரைக் கறையோடு விட்டு
அதற்கொரு விளக்குப் போட்டிருக்கிறார்.
கறைக்கு எவ்வளவு என்று
என் படிவத்தில் கட்டம் இல்லை.
எழுதாமலே சேர்ந்துகொண்டது.

நான் அளந்த வீட்டின் கீழ்த்தளத்தில்
குணவதி போட்டோஸ்டேட்.
பாஸ்போர்ட் படம், லேமினேட், பைண்டிங்.
பக்கம் பத்து காசு.
பலகையில் பத்துக்கு அடியில்
பழைய எட்டு இன்னும் தெரிகிறது.

அலுவலகத்தில் மை தீர்ந்திருந்தது.
அவளிடமே கொடுத்தேன் அறிக்கையை,
மூன்று பிரதி.

இயந்திரம் வெளிச்சத்தை இழுத்து இழுத்துப் படித்தது.
அவளும் படித்தாள்.
பதினேழாம் பக்கம்.
இப்போதைய வாடகை தொள்ளாயிரம் வெள்ளி.
சந்தை வாடகை நாலாயிரத்து இருநூறு.
காகிதம் சிக்கியதுபோல் மூடியைத் திறந்து பார்த்தாள்.
சிக்கவில்லை.

"அந்தக் கிட்டங்கி விழுந்தா
இங்க வாடகை இறங்குமா?"
சும்மா கேட்பதுபோல் கேட்டாள்.
இறங்கும் என்றேன்.
இருவரும் எதிரே பார்த்தோம்.
விழுகிற மாதிரி இல்லை.
நூறு வருஷத்துக்கு மேல்
வட்டி வாங்கிப் பழகிய சுவர்.

நாற்பத்திரண்டு பக்கம், மூன்று பிரதி,
பன்னிரண்டு வெள்ளி அறுபது காசு.
ஐம்பது வெள்ளித் தாளை நீட்டி
மீதி வேண்டாம் என்றேன்.
முப்பத்தேழு நாற்பதையும்
மேசைமேல் எண்ணி வைத்தாள்.
"நீங்க உங்க கணக்க எழுதுனீங்க இல்ல.
இது என் கணக்கு."

ஃபெரியில் ஏறி உட்கார்ந்து புரட்டினேன்.
மூலப்பிரதியில், பதினேழாம் பக்கத்தின் ஓரத்தில்,
அவள் கட்டைவிரல், கரிய மையில்,
ரேகை ரேகையாக.
கைக்குட்டையால் தேய்த்தேன். பரவியது.

நாளைக்கு வங்கிக்குப் போகவேண்டிய தாள்.
அந்த ஒரு பக்கத்தை மட்டும்
பட்டர்வொர்த்தில் இறங்கி
வேறு கடையில் எடுக்கவேண்டும்.
அங்கே பக்கம் இருபது காசு.